டி செல்கள் கூடியும் புற்று ஏன் வளர்கிறது?

தில்லியில் பிர்லா மந்திர் இருக்கும் மந்திர் மார்க்கிலேயே தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இருக்கிறது. அங்கே பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்த பிள்ளைகளுக்கு என்சிஇஆர்டி பாடநூல். உடல்நலமும் நோய்களும் பற்றிய பாடத்தில், புற்றுநோய்ச் சிகிச்சையைச் சொல்லும் இடத்தில் ஒரு செய்தி வந்துபோகும். புற்று செல்கள் உடலின் நோயெதிர்ப்பு மண்டலத்திடம் சிக்காமல் தப்பிவிடுகின்றன. அதனால் ஆல்பா இன்டர்ஃபெரான் போன்ற பொருள்களைக் கொடுத்து அந்த மண்டலத்தைத் தூண்டிவிடுகிறார்கள் என்பது அதன் சாரம். அத்தோடு பாடம் அடுத்த தலைப்புக்குப் போய்விடும்.

கவனித்துப் படிக்கும் பிள்ளைக்கு அந்த இடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். எப்படித் தப்புகின்றன? அந்தக் கேள்வியின் பின்னால் போனவர்களில் இருவருக்கு 2018-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் கண்ட விடை பல புற்றுநோய்களுக்குப் பொருந்தியது. சிறுநீரகத்துக்கும் பொருந்தியது, ஆனால் அங்கே ஒரு புதிரையும் சேர்த்துக் காட்டியது. எதிர்ப்பு செல்கள் திரண்டு வந்து நிற்கும் கட்டிகளில்தான் நோயாளியின் நிலை மோசமாக இருந்தது. அந்தப் புதிர் அவிழ்ந்த கதை, ஒரு ஆய்வக அறிக்கையை எப்படி வாசிக்க வேண்டும் என்பதையும் நமக்குக் கற்றுத்தருகிறது.

பழைய மருந்தும் பழைய நம்பிக்கையும்

பாடநூல் சொல்லும் ஆல்பா இன்டர்ஃபெரான் ஒரு காலத்தில் சிறுநீரகப் புற்றுநோய்க்கே முக்கிய மருந்தாக இருந்தது. வேறு வழியும் அதிகம் இல்லை. சிறுநீரகத்தில் தோன்றும் புற்றுகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று ‘கிளியர் செல்’ வகை. அது வழக்கமான கீமோதெரபிக்கு மசியாது. பரவாத நிலையில் கண்டுபிடித்தால் அறுவைச் சிகிச்சையில் எடுத்துவிடலாம். நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டால் அன்று மருத்துவரின் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆனால் இந்தப் புற்றில் ஒரு விசித்திரம் நெடுநாளாகவே மருத்துவர்களுக்குத் தெரியும். சிறுநீரகத்தை எடுத்த பிறகு, மிக அரிதாகச் சிலருக்கு, நுரையீரலுக்குப் பரவியிருந்த கட்டிகள் மருந்தே இல்லாமல் சுருங்கி மறைந்திருக்கின்றன. உடலுக்குள் ஏதோ ஒன்று இந்தப் புற்றை அடையாளம் கண்டு தாக்குகிறது என்பதற்கு அது சாட்சி. அந்த ஏதோ ஒன்றைத் தூண்டிவிட முடியுமா என்ற நம்பிக்கையில்தான் இன்டர்ஃபெரான் வந்தது. 1992-ல் இன்டர்லூக்கின்-2 என்ற மருந்துக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதை அதிக அளவில் ஏற்றும்போது ரத்த அழுத்தம் சரிந்து நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே போக நேரும். அத்தனையும் தாங்கினால் ஏழு பேரில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது. சிலருக்கு நோய் திரும்பவே இல்லை. இன்டர்ஃபெரானின் பலன் அதைவிட அடக்கமானது. 1999-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், அது கூட்டிக்கொடுத்த ஆயுள் சராசரியாக இரண்டரை மாதம்.

தூண்டினால் போதும் என்று நினைத்தார்கள். தூண்டியும் ஏன் பெரும்பாலோருக்குப் பலிக்கவில்லை?

டி செல்லின் பிரேக்

டி செல் என்பது வெள்ளையணுக்களில் ஒரு வகை. அதிலும் சிடி8 என்ற அடையாளப் புரதம் கொண்டவை, கெட்டுப்போன செல்லைத் தொட்டுப் பார்த்து, இனம் கண்டு, அந்த இடத்திலேயே கொல்லக்கூடியவை. இத்தனை வலிமை உள்ள ஒன்றைக் கட்டுப்பாடில்லாமல் விட்டால் அது சொந்த உடலையே அழித்துவிடும். ஆகவே டி செல்லின் மேற்பரப்பிலேயே அதை நிறுத்தும் பிரேக்குகளும் இருக்கின்றன. ‘இம்யூன் செக்பாயின்ட்’ புரதங்கள் என்று இவற்றைத்தான் சொல்கிறார்கள்.

சிடிஎல்ஏ-4 அவற்றில் ஒன்று. அதை மறித்தால் எலிகளில் கட்டிகள் கரைகின்றன என்று 1996-ல் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசன் குழு காட்டியது. இன்னொன்று பிடி-1. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோஞ்ஜோவின் ஆய்வகம் 1992-ல் அதைக் கண்டுபிடித்தது. பிடி-1 இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு வயது ஏற ஏற லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் வந்தது. அப்போதுதான் அது உடலைக் காக்கும் பிரேக் என்பது தெளிவானது. நோபல் பெற்ற இருவர் ஆலிசனும் ஹோஞ்ஜோவும்தான்.

பிரேக் இருந்தால் அதை மிதிக்கும் கால் ஒன்று வேண்டும். பிடி-1 விஷயத்தில் அது பிடி-எல்1 என்ற புரதம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லீப்பிங் சென் 1999-ல் அதைக் கண்டறிந்து பி7-ஹெச்1 என்று பெயரிட்டார். நல்ல திசுக்கள் அழற்சியின்போது, தங்களைக் காத்துக்கொள்ள, பிடி-எல்1-ஐ வெளியே நீட்டும். வந்த டி செல் அதைத் தொட்டதும் அடங்கிவிடும். புற்று செல்களும் இதையே செய்கின்றன. பாடநூல் கேட்காமல் விட்ட கேள்விக்கு இது ஒரு முக்கியமான விடை.

பிரேக்குகளின் பட்டியல் இத்தோடு நிற்கவில்லை. 1990-ல் லாக்-3, 2002-ல் டிம்-3 என்று நீண்டது. டிம்-3-ஐக் கண்டறிந்த ஹார்வர்டு குழுவின் தலைவர் விஜய் குச்ரூ, தில்லிக்கு மேற்கே ஹரியாணாவின் ஹிசாரில் கால்நடை மருத்துவம் படித்தவர்.

மஞ்சள் கட்டி, பழுப்புக் கோடு

இந்தப் புரதம் ஒருவரின் கட்டியில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? அறுவை அரங்கிலிருந்து நோய்க்குறியியல் துறைக்கு வரும் சிறுநீரகத்தை இரண்டாகப் பிளந்தால், கிளியர் செல் புற்று தனியாகத் தெரியும். சுற்றிலும் சிவந்த பழுப்பில் நல்ல சிறுநீரகம். நடுவே பொன்மஞ்சள் நிறத்தில் கட்டி, இடையிடையே ரத்தக் கசிவின் கருஞ்சிவப்புத் திட்டுகள். மஞ்சளுக்குக் காரணம் கொழுப்பு. புற்று செல்கள் கொழுப்பையும் கிளைக்கோஜனையும் வயிறு நிறைய அடைத்துவைத்திருக்கும்.

அதிலிருந்து சிறு துண்டுகளை வெட்டி, ஃபார்மலினில் பதப்படுத்தி, ஆல்கஹாலிலும் சைலீனிலும் தோய்த்து, பாரஃபின் மெழுகுக்குள் புதைத்து ‘பிளாக்’ ஆக்குகிறார்கள். இந்தப் படிகளில் கொழுப்பு கரைந்து ஓடிவிடும். நுண்ணோக்கியில் பார்க்கும்போது செல்லின் உள்ளே வெற்றிடமாகத் தெரிவது அதனால்தான். ‘கிளியர்’ என்ற பெயரும் அங்கிருந்து வந்தது.

பிளாக்கை மைக்ரோடோமில் பொருத்திச் சீவினால் 4 மைக்ரான் தடிமனில், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 250-ல் ஒரு பங்கு கனத்தில், ரிப்பன் போலத் தாள்கள் வரும். அவற்றை வெந்நீரில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்துகிறார்கள். அதன் மேல் பிடி-எல்1-ஐ மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியை ஊற்றி, அது பற்றிய இடத்தைப் பழுப்பு நிறமாக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். எந்த செல்லின் விளிம்பில் பழுப்புக் கோடு தெரிகிறதோ அதில் பிடி-எல்1 இருக்கிறது. நோய்க்குறியியல் நிபுணர் நூற்றுக்கு எத்தனை புற்று செல்லில் கோடு விழுந்திருக்கிறது என்று கணக்கிட்டு அறிக்கையில் எழுதுகிறார். அறிக்கையில் வரும் ஒற்றை எண்ணுக்குப் பின்னால் இத்தனை கைகளின் வேலை இருக்கிறது.

மேயோ கிளினிக் கண்டது

பிடி-எல்1 கண்டறியப்பட்ட அதே மேயோ கிளினிக்கில், சிறுநீரகத்தை எடுத்த நோயாளிகளின் திசுக்களையும், அவர்கள் பிறகு எப்படி இருந்தார்கள் என்ற விவரத்தையும் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்திருந்தார்கள். யூஜின் குவான் தலைமையில் ஹூஸ்டன் தாம்ப்சன் உள்ளிட்டவர்கள் 196 நோயாளிகளின் திசுக்களை எடுத்துப் பிடி-எல்1 தேடினார்கள். கட்டியிலோ, அதற்குள் புகுந்த வெள்ளையணுக்களிலோ இந்தப் புரதம் மிகுந்திருந்தவர்கள், அந்தப் புற்றாலேயே இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட நான்கரை மடங்கு அதிகம் என்று 2004-ல் அறிவித்தார்கள்.

2006-ல் இன்னும் நீண்ட காலம் பின்தொடர்ந்த 306 பேரைப் பார்த்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவரின் கட்டியில் பிடி-எல்1 இருந்தது. இருந்தவர்களில் ஐந்து ஆண்டுக்குப் பின் இந்தப் புற்றால் இறக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம். இல்லாதவர்களில் 83 சதவீதம். கட்டியின் அளவு, பரவல் போன்ற மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தபோதும் வேறுபாடு மறையவில்லை. நோய் எந்தப் போக்கில் போகும் என்று சொல்லும் அடையாளமாகப் பிடி-எல்1 சிறுநீரகப் புற்றில் இப்படித்தான் நுழைந்தது.

கூட்டம் அதிகம், பலன் குறைவு

பெருங்குடல் புற்றிலும் இன்னும் பல புற்றுகளிலும் கட்டிக்குள் சிடி8 டி செல்கள் நிறையப் புகுந்திருந்தால் அது நல்ல சகுனம். உடல் எதிர்த்து நிற்கிறது, நோயாளி அதிக நாள் இருப்பார் என்று பொருள். கிளியர் செல் சிறுநீரகப் புற்றில் கணக்கு தலைகீழ். டி செல்கள் கூடக் கூட ஆயுள் குறைந்தது. 2001-லேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கவனித்தார்கள்.

விடையின் பெரும்பகுதி பாரிஸிலிருந்து வந்தது. நிகோலாஸ் ஜிரால்டோ, வோல்ஃப் ஃப்ரிட்மன், கத்தரின் சோடெஸ்-ஃப்ரிட்மன் குழுவினர் 2015-ல் டி செல்களை எண்ணுவதோடு நிற்காமல், அவற்றின் மேல் எந்தெந்தப் பிரேக் இருக்கிறது என்றும் பார்த்தார்கள். சிடி8 செல்கள் மிகுந்த கட்டிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. பெரிய கூட்டத்தில் டி செல்களின் மேல் பிடி-1-ம் லாக்-3-ம் சேர்ந்து ஏறியிருந்தன. புற்று செல்கள் பிடி-எல்1-ஐ நீட்டிக்கொண்டிருந்தன. இவர்களுக்கே முடிவு மிக மோசம். சிறிய கூட்டத்தில் டி செல்கள் உண்டு, பிரேக்குகள் குறைவு. அவற்றைச் சரியாகப் பயிற்றுவிக்கும் டென்ட்ரிட்டிக் செல்களும் உரிய இடத்தில் நின்றன. இவர்கள் நன்றாக இருந்தார்கள். 2017-ல் வேறொரு பிரெஞ்சுக் குழு, பிடி-1-உடன் டிம்-3-ம் சேர்ந்த டி செல்கள் மிகுந்தால் நோய் மோசமாகிறது என்று கண்டது.

கட்டிக்குள் வந்து, இலக்கை மாதக்கணக்கில் தொட்டுத் தொட்டு, வெல்ல முடியாமல் போன டி செல் ஓய்ந்துவிடுகிறது. ஒவ்வொரு தோல்விக்கும் அதன் மேல் இன்னொரு பிரேக் ஏறுகிறது. உயிரோடு இருக்கும், எண்ணிக்கையில் சேரும், கொல்லாது. ஆகவே தலையை எண்ணிப் பயனில்லை. செல்லின் நிலையைத்தான் பார்க்க வேண்டும்.

சிறுநீரகப் புற்றில் இது இவ்வளவு நடக்க ஒரு காரணம் மரபணுவிலேயே இருக்கிறது. கிளியர் செல் புற்றுகளில் பெரும்பாலானவற்றில் மூன்றாம் குரோமோசோமில் உள்ள விஹெச்எல் மரபணு பழுதாகியிருக்கும். நல்ல செல்லில் அது ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது ஹிஃப் என்ற புரதத்தை அழித்துவிடும். பழுதானால் ஹிஃப் குவிந்து, மூச்சுத் திணறும் செல் போலப் புற்று செல் நடந்துகொள்ளும். ரத்தக் குழாய்களை வரவழைக்கும், பிடி-எல்1-ஐயும் ஏற்றும். இன்னொரு வழியும் உண்டு. டி செல் தாக்கும்போது காமா இன்டர்ஃபெரானைச் சுரக்கிறது. அதை உணர்ந்த புற்று செல் உடனே பிடி-எல்1-ஐ வெளியே நீட்டுகிறது. தாக்குதலே தடுப்பை வரவழைக்கிறது. தூண்டுவது மட்டும் ஏன் போதவில்லை என்பது இங்கே விளங்கும்.

கெட்ட அடையாளமும் நல்ல மருந்தும்

பிரேக்கை மிதிக்கும் காலைத் தட்டிவிட்டால்? நிவோலுமாப் என்ற மருந்து பிடி-1-ஐ மூடிவிடுகிறது. 2015-ல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே சிகிச்சை பெற்றும் நோய் முற்றிய 821 பேரில் ஒரு பாதிக்கு நிவோலுமாப், மறு பாதிக்கு அப்போது வழக்கில் இருந்த எவெரோலிமஸ். நடுமட்ட ஆயுள் 25 மாதம், 19.6 மாதம். இந்த ஆய்வறிக்கையின் முதுநிலை ஆசிரியர், கயானாவில் பிறந்த இந்திய வம்சாவளி மருத்துவர் பத்மணி சர்மா.

மருந்து பிடி-எல்1 இருப்பவர்களுக்கு வேலை செய்யும், இல்லாதவர்களுக்குச் செய்யாது என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது வேறு. பிடி-எல்1 இருந்தவர்களில் ஆயுள் 18.8 மாதத்திலிருந்து 21.8 ஆனது. இல்லாதவர்களில் 21.2-லிருந்து 27.4. இரு சாராருக்கும் மருந்து உதவியது. எந்த மருந்து கொடுத்தாலும் பிடி-எல்1 இருந்தவர்களின் நிலை சற்றுக் கீழேயே இருந்தது.

நோயின் போக்கைச் சொல்வது ஒன்று; மருந்து யாருக்குப் பலிக்கும் என்று சொல்வது இன்னொன்று. பிடி-எல்1 சிறுநீரகப் புற்றில் முதலாவதை ஓரளவு சொல்கிறது. இரண்டாவதை நம்பும்படி சொல்வதில்லை. காரணங்கள் உண்டு. ஒரே கட்டியின் ஒரு மூலையில் பழுப்புக் கோடு நிறைந்திருக்கும், மறு மூலையில் இருக்காது. சிறுநீரகத்தில் இல்லாதது நுரையீரலுக்குப் பரவிய கட்டியில் இருக்கும். ஒவ்வொரு பரிசோதனையும் வேறு ஆன்டிபாடியையும் வேறு எல்லைக்கோட்டையும் வைத்திருக்கிறது. ஆகவே இன்று பரவிய சிறுநீரகப் புற்றுக்கு இந்த மருந்துகளைத் தொடங்கப் பிடி-எல்1 அறிக்கை ஒரு நிபந்தனையாக இல்லை.

மருத்துவர்கள் அன்றாடம் நம்புவது, 2009-ல் டேனியல் ஹெங் குழு வகுத்த ஆறு கேள்விகளை: ஹீமோகுளோபின் குறைவா? கால்சியம் கூடுதலா? நியூட்ரோஃபில்கள் கூடுதலா? தட்டணுக்கள் கூடுதலா? நோயாளி தன் வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாத நிலையா? நோய் தெரிந்து ஓராண்டுக்குள் மருந்து தொடங்க வேண்டி வந்ததா? ஒன்றுக்கும் ‘ஆம்’ இல்லையென்றால் நல்ல நிலை. மூன்றோ அதற்கு மேலோ என்றால் மோசமான நிலை. நான்கு கேள்விக்கு எந்த மாவட்ட மருத்துவமனையிலும் எடுக்கக்கூடிய ரத்தப் பரிசோதனை போதும்.

அப்படியானால் செக்பாயின்ட் அடையாளங்கள் வீணா? இல்லை. அவற்றின் தேவை இப்போது வேறிடத்தில் கூடியிருக்கிறது. நோய் பரவாமல், சிறுநீரகத்தை எடுத்து முடித்த, ஆனால் திரும்பி வரும் அபாயம் உள்ளவர்களுக்கு பிடி-1-ஐ மூடும் இன்னொரு மருந்தான பெம்ப்ரோலிசுமாப் ஓராண்டு கொடுத்த ஆய்வின் ஆயுள் கணக்கு 2024-ல் வெளியானது. நான்கு ஆண்டு முடிவில் மருந்து பெற்றவர்களில் 91 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பெறாதவர்களில் 86 சதவீதம். பலன் உண்மை. ஆனால் இந்த மருந்து இல்லாமலே நூற்றுக்கு 86 பேர் இருந்திருப்பார்கள் என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. பிரேக்கை எடுத்துவிட்டால் தைராய்டு, குடல், நுரையீரல் என்று எதன் மீதும் டி செல் பாயலாம். சிலருக்கு அந்தப் பாதிப்பு வாழ்நாள் முழுக்க நிற்கும். யாருக்கு உண்மையிலேயே ஆபத்து, யாரைச் சும்மா விடலாம் என்று பிரித்துச் சொல்லும் அடையாளம் இங்கேதான் வேண்டும்.

நம் ஊரில் செய்ய வேண்டியது

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கூர்மையும் உண்டு: விலை. முழு அளவு மருந்தைத் தொடர்ந்து ஏற்ற லட்சக்கணக்கில் ஆகும். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் குழுவினர், தலை மற்றும் கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் ஒரு துணிச்சலான சோதனை செய்தார்கள். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம் நிவோலுமாப். அவர்கள் மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராமை மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். நாள் கணக்கில் பதினெட்டில் ஒரு பங்கு. ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தார்கள். பிடி-1-ஐ மூடச் சிறிதளவு மருந்தே போதும் என்ற ஆய்வக உண்மை அவர்களுக்குத் துணை நின்றது. தலை, கழுத்தில் கண்டதைச் சிறுநீரகத்துக்கு அப்படியே பெயர்த்துவிட முடியாது. ஆனால் நம் நோயாளிகளை வைத்து நாமே கேட்டால் நமக்குரிய விடை வரும் என்பதற்கு இது சான்று.

அடையாளங்கள் விஷயத்திலும் அதுவே நடக்க வேண்டும். மேயோ கிளினிக்கின் கண்டுபிடிப்புக்கு அடித்தளம் ஆன்டிபாடி மட்டும் இல்லை. ஒவ்வொரு பிளாக்குக்கும் உரிய நோயாளி ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு கழித்து எப்படி இருக்கிறார் என்று எழுதிவைத்த பதிவேடு அவர்களிடம் இருந்தது. தில்லியின் பெரிய மருத்துவமனைகளுக்கு பிஹாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ரயிலேறி வந்து சிறுநீரக அறுவைச் சிகிச்சை முடித்துக்கொண்டு போகிறவர்கள் எத்தனையோ பேர். சென்னைக்கும் வேலூருக்கும் வருகிறவர்களும் அப்படித்தான். அவர்களின் பிளாக்குகள் அலமாரிகளில் பத்திரமாக இருக்கும். ஊர் திரும்பியவர் என்ன ஆனார் என்பதுதான் எளிதில் தொலைந்துபோகிற விவரம்.

அந்த விவரத்தைத் தொலையவிடாமல் காப்பதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிக்க ஒருவர், அதை எழுதிவைக்க ஓர் ஏடு, அந்த வேலைக்குத் தொடர்ந்து சம்பளம் கொடுக்கும் மனம் வேண்டும். இது ஆராய்ச்சிக்கு வெளியே நடக்கும் குமாஸ்தா வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது; ஆராய்ச்சியின் பாதி இதுதான்.

அதுவரை, பிடி-எல்1 அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கும் குடும்பத்துக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. அதில் உள்ள சதவீதம் பல நூறு பேரின் சராசரியிலிருந்து பொருள் பெறுகிறது. உங்கள் வீட்டு மனிதரின் நாள்களை அது எண்ணிச் சொல்லாது. எந்த வகைப் புற்று, எந்த நிலை, அந்த ஆறு கேள்விகளுக்கு என்ன விடை என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிடி-எல்1 இருக்கிறது என்றாலும் இல்லை என்றாலும் மருந்துக்கு வழி உண்டு என்பதை ஆய்வுகள் காட்டிவிட்டன. அந்த மருந்து எல்லார் கைக்கும் எட்டும்படி செய்வதுதான் நம் முன் உள்ள வேலை.